கையை எடுத்தா அணைஞ்சிடுது

உங்க வீட்டு கேஸ் அடுப்பை கடைசியா எப்போ பார்த்தீங்க? டீ போடப் போனதைக் கேட்கலை. குனிஞ்சு, அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தது எப்போ? நானும் இந்தப் பொங்கல் லீவு வரைக்கும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நாலு வருஷமா இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறேன்.

எங்க சித்தப்பா வீடு பட்டுக்கோட்டையில். சித்தப்பா 19 வருஷம் குவைத்தில் ஒரு கம்பெனி கேம்ப்பில் சமையல்காரரா இருந்தார். ஒரு வேளைக்கு 300 பேருக்குச் சமையல். ஊருக்குத் திரும்பும்போது நகையோ பெரிய டிவியோ கொண்டு வரலை. கார்கோவில் ஒரு அடுப்பு அனுப்பினார். 90 சென்டிமீட்டர் அகலம், முழுக்க ஸ்டீல், மேலே 5 பர்னர், கீழே ஓவன், முன்பக்கம் கைக்கு அடங்காத பெரிய நாப்கள். பார்க்க அப்படியே ஹோட்டல் அடுப்பு. "இத்தனை வருஷம் ஊராருக்கு ஆக்கிப் போட்டாச்சு. இனிமே இதுல நம்ம வீட்டுக்கு ஆக்கணும்" என்று சொல்லிக்கிட்டே இருப்பார்.

இந்த ஆசை சித்தப்பாவுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வுட் என்ற ஊரில், ஃப்ரெட் கார்ல் என்ற கட்டட கான்ட்ராக்டர் தன் வீட்டுக்கு ஹோட்டல் அடுப்பு மாதிரி ஒன்று தேடினார். உண்மையான ஹோட்டல் அடுப்பை வீட்டில் வைக்க முடியாது. வெளிப்பக்கம் அவ்வளவு சுடும், பக்கத்தில் மர அலமாரி இருக்கவே கூடாது. அதனால வீட்டுக்கு ஏத்த மாதிரி அவரே ஒன்றை வடிவமைச்சார். அதுதான் வைக்கிங். 1987ல் விற்பனைக்கு வந்தது. அந்த வகை அடுப்புகளுக்கு இன்னிக்கு உலகம் முழுக்க மார்க்கெட் இருக்கு.

சரி, பட்டுக்கோட்டைக்கு வருவோம். முதல் ஒரு வருஷம் அடுப்பு நல்லா எரிஞ்சது. அப்புறம் நடுவில் இருக்கிற பெரிய பர்னர் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. நாபை அமுக்கித் திருப்பினால் பத்தும். கையை எடுத்தா அணைஞ்சிடும். பார்க்க வந்த மெக்கானிக், "உள்ள ஒரு சேஃப்டி இருக்கு சார், அதைத் தூக்கிட்டா சரியாயிடும். நம்ம ஊரு அடுப்புல எல்லாம் அது இருக்கா என்ன?" என்றார். சித்தப்பா வேண்டாம்னு அனுப்பிட்டார். அதுக்கப்புறம் அந்த பர்னர் மேல பருப்பு டப்பா உட்கார்ந்துக்கிச்சு.

பொங்கல் அன்னிக்கு பெரிய பானைக்கு அந்த நடு பர்னர்தான் வேணும். சித்தி ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. டைனிங் நாற்காலியை அடுப்புக்கு எதிரே போட்டு, நகராம இருக்க அதில் 25 கிலோ அரிசி மூட்டையை வெச்சு, நாற்காலி முதுகுக்கும் நாபுக்கும் நடுவில் பூரிக்கட்டையை முட்டுக் கொடுத்துட்டாங்க. நாப் அமுங்கியே இருக்கும், அடுப்பு அணையாது. உண்மையைச் சொல்லணும்னா, நான் அதை போட்டோ எடுத்து "ஹோம் ஆட்டோமேஷன்" என்று ஸ்டேட்டஸ் வெச்சேன்.

பால் பொங்கிச்சு. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்திட்டு பூஜை அறைக்குப் போயிட்டோம். பொங்கின பால் பர்னரை அணைச்சதை யாரும் பார்க்கலை. பூரிக்கட்டை மட்டும் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.

கொஞ்ச நேரம் கழிச்சு தண்ணி குடிக்கப் போன எனக்குத்தான் முதல்ல வாடை வந்தது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். பின்னாடியே வந்த சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தார். "பாப்பா! சுவிட்சைத் தொடாத!" நாற்காலியைத் தள்ளினார், நாபைத் திருப்பினார், ரெகுலேட்டரை மூடினார், கொல்லைக் கதவைத் திறந்தார். பூஜை விளக்கை அணைச்சு எல்லாரையும் வாசலுக்கு அனுப்பினார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சது. என் மணிக்கட்டு சாயங்காலம் வரைக்கும் வலிச்சது.

எல்பிஜி காத்தைவிட கனமானது. வெளியே வந்தால் மேலே போகாம தரையில் தேங்கும். காத்தில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கிற நிலைமை வந்துடும். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே ஒரு சின்னப் பொறி வரும். இது எல்லாமே எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கேன். ஆனா கை சுவிட்சுக்குத்தான் போச்சு. சித்தப்பா படிச்சது எட்டாவது.

அன்னிக்கு மதியம் யாரும் சரியா சாப்பிடலை. சித்தி அழுதாங்க. சித்தப்பா அவங்களைத் திட்டலை. "கேம்ப்ல அடுப்பு முன்னாடி எப்பவும் ஒரு ஆள் நிப்பான். வீட்டுல யாரு நிக்கிறது? காலிங் பெல் அடிச்சா போவா, போன் வந்தா போவா" என்று மட்டும் சொன்னார். அப்போதான் எனக்கு உறைச்சது. ஸ்டீலும் பெரிய நாபும் இருந்தா அது ஹோட்டல் அடுப்பு மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஆள் நிக்காத வீட்டில் அதை வைக்க முடியுதுன்னா, அதுக்குக் காரணம் அந்த மெக்கானிக் தூக்கிடலாம்னு சொன்ன சேஃப்டிதான்.

மறுநாள் அதைப் பார்க்க உட்கார்ந்தேன். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறின பிறகு பர்னர் மூடியைக் கழற்றினால் பக்கத்தில் இரண்டு சின்னக் குச்சிகள் தெரியும். வெள்ளைப் பீங்கான் சுத்தினது பொறி வர்றதுக்கு. இன்னொன்னு வெறும் உலோகம். அதுதான் தெர்மோகப்பிள். எங்க டிபார்ட்மென்ட்டின் செல்லப்பிள்ளை. செமஸ்டர் தவறாம ரெண்டு மார்க் கேள்வி. நேரில் பார்த்தது அன்னிக்குத்தான்.

"அது என்னம்மா பண்ணும்? தமிழ்ல சொல்லு" என்றார் சித்தப்பா. எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். டெஃபனிஷன் வாயில் வந்தது, அர்த்தம் வரலை. முழுசா பத்து நிமிஷம் திணறி இப்படிச் சொன்னேன்: "ரெண்டு வேற வேற உலோகக் கம்பியை ஒரு முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடு பண்ணினா மறுமுனையில் கொஞ்சம் கரண்ட் வரும் சித்தப்பா. 1821ல் சீபெக் என்பவர் கண்டுபிடிச்சது. இதில் வர்றது 25 மில்லிவோல்ட் மாதிரி. ரிமோட்டில் போடுற பேட்டரியில் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கரண்ட் ஒரு குட்டி காந்தத்தை உயிரோட வெச்சிருக்கு. அந்தக் காந்தம் கேஸ் வால்வைத் திறந்து பிடிச்சிருக்கு. தீ அணைஞ்சா குச்சி ஆறும், கரண்ட் போகும், காந்தம் விட்டுடும், ஸ்பிரிங் வால்வை மூடிடும்."

சித்தப்பா யோசிச்சார். "அப்போ நாம நாபை அமுக்குறது, அது சூடாகுற வரைக்கும் அது வேலையை நாம செய்யுறதா?" அதேதான். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு நேரா சொன்னதில்லை.

என் மினி ப்ராஜெக்ட் மல்டிமீட்டரை எடுத்தேன். தெர்மோகப்பிளின் வால்வுப் பக்க முனையைக் கழற்றினோம். சித்தப்பா நாபை அமுக்கிப் பிடிக்க, நான் அளந்தேன். பக்கத்து பர்னரில் 22 மில்லிவோல்ட். நடு பர்னரில் 7. குச்சியின் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறிக் கிடந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்ச்சதும் 10 வந்தது. அதுக்கு மேல ஏறலை. நுனி கருகி அரிச்சுப் போயிருந்தது. கம்பி நீளத்தை அளந்து, அதே அளவில் புதுசு ஒன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். 350 ரூபாய். அது வர்ற வரைக்கும் பருப்பு டப்பா பழைய இடத்துக்கு, பூரிக்கட்டை சமையலுக்கு.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் ஊருக்குப் போய் மாட்டினேன். நுனி தீயில் படுற உயரத்தில் இருக்கான்னு பார்த்து, ஐந்து வரை எண்ணிட்டு கையை எடுத்தேன். எரிஞ்சது. பிறகு வேணும்னே தீயை அணைச்சு, ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சுக் காத்திருந்தோம். ஒரு நிமிஷத்துக்குள்ள "டிக்" என்று வால்வு மூடிக்கிச்சு. சித்தி அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கணும்னாங்க.

நீங்களும் ஊருக்குப் போனா இதெல்லாம் பாருங்க. தீ நீலமா இருக்கணும். மஞ்சளா இருந்து பாத்திரத்தில் கரி பிடிச்சா, காத்து சரியாக் கலக்கலைன்னு அர்த்தம். பர்னர் மூடியின் துளைகளைச் சுத்தம் பண்ணி நல்லாக் காயவிட்டுப் போடுங்க. ஜெட் துளையில் மட்டும் ஊசி விடாதீங்க, பெரிசானா கேஸ் அதிகமாப் போகும். ஆரஞ்சு ஹோஸில் தேதி அச்சடிச்சிருக்கும், 5 வருஷம் ஆனா மாத்துங்க. கசிவு பார்க்கணும்னா சோப்பு நுரை, தீக்குச்சி கூடவே கூடாது. வாடை வந்தா சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906க்கு போன் பண்ணுங்க. வால்வைத் திறக்கிற வேலைக்கு பயிற்சி எடுத்த ஆளைக் கூப்பிடுங்க. நானும் அதில் கை வைக்கலை.

நம்ம வீட்டு சாதாரண ரெண்டு பர்னர் அடுப்பு பலதில் இந்தக் குச்சியே கிடையாது. அங்கே பாலைப் பார்த்துக்கிட்டு நிக்கிற உங்க அம்மாதான் தெர்மோகப்பிள். அவங்க காலிங் பெல்லுக்குப் போனா நீங்க போய் நில்லுங்க.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி சித்தப்பா நடு பர்னரில் மச்பூஸ் பண்ணினார். குவைத்தில் எல்லா வீட்டிலும் செய்யுற சோறு. ஆட்டுக்கறி, காய்ஞ்ச எலுமிச்சை, நீள அரிசி. நாங்க 11 பேர். சோறு தம்மில் இருந்தப்ப வாசலில் யாரோ கூப்பிட்டாங்க. சித்தப்பா அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுப் போனார். நான் சமையலறையிலேயே நின்னேன்.