இரவில் இறங்கிய மேடை

தில்லியின் ஜனவரிக் குளிரில் அறுபதைத் தாண்டிய முழங்கால்கள் மடங்க மறுக்கின்றன. தன் புல்லட்டைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகிய ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவருக்கு இது சாதாரணப் பிரச்னை அல்ல. தரையில் உட்கார முடியாது. வண்டியை மெக்கானிக்கிடம் விட மனமும் வராது. முடிவில், கீழ்த்தள வீட்டின் கார் ஷெட்டுக்கு ஒரு ஹைட்ராலிக் லிஃப்ட் வந்து சேர்ந்தது. பெடலை மிதிக்க மிதிக்க, கனத்த வண்டி இடுப்பு உயரத்துக்கு எழும்பும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

தத்துவம் பழையது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். அதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய பிஸ்டனைக் கால் அழுத்துகிறது, பெரிய பிஸ்டன் வண்டியைத் தூக்குகிறது. இடையில் இருப்பது எண்ணெயும் சில ரப்பர் வளையங்களும்தான். மேலே ஏறி நிற்கும் வண்டியின் கம்பீரத்தில் இது மறந்துபோகிறது.

இரண்டாம் வருடம் பெடல் பஞ்சுபோல அமுங்கியது. மேடை பாதியில் நின்றது. எண்ணெய்க்குள் காற்று புகுந்தால் இப்படித்தான். மேடையில் பாரம் இல்லாமல், ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாக மிதித்து, பிறகு வால்வை மூடினார். சரியாகிவிட்டது. அந்த வெற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கேறியது என்கிறார் மனைவி.

அடுத்தது அவ்வளவு எளிதாக இல்லை. மாலையில் ஏற்றி நிறுத்திய மேடை காலையில் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கைதவறி விழும் நட்டுகளைப் பொறுக்க எட்டு வயதுப் பேரன் அந்த மேடைக்கு அடியில்தான் நுழைவான். மேடை இறங்காமல் தடுக்கும் இரும்புக் கம்பியோ, மாட்டக் கழற்றச் சோம்பல்பட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கரோல் பாக்கில் ஜாக் பழுதுபார்க்கும் ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அங்கிள்ஜி, வெளியே ஒழுகினால் சீல் போயிருக்கும். ஒழுகாமல் இறங்கினால் உள்ளே வால்வு சரியாக மூடவில்லை. எதுவானாலும் எண்ணெயை நம்பி யாரையும் அடியில் விடாதீர்கள்."

வண்டியை இறக்கி, மேடையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து வால்வைக் கழற்றினார். குண்டு உட்காரும் இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு இரும்புச் சீவல். அவ்வளவுதான். துடைத்து, பழைய எண்ணெயைக் கொட்டிப் புதிய ஹைட்ராலிக் எண்ணெய் விட்டார். கையில் இருக்கிறதே என்று பலரும் பிரேக் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது இந்த ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பிஸ்டன் முழுக்க உள்ளே இறங்கியிருக்கும்போதுதான் எண்ணெயின் அளவைப் பார்க்கவேண்டும். மேலே இருக்கும்போது நிரப்பினால், இறங்கும்போது பொங்கி வழியும். பக்கத்தில் இருந்த இன்னொரு திருகை அவர் தொடவில்லை, நல்லவேளையாக. அதிகச் சுமையைத் தடுக்கும் வால்வு அது; தொழிற்சாலையில் அளந்து வைத்தது.

அன்றிரவு வண்டியை ஏற்றி, மேடையின் விளிம்புக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டினார். காலையில் மேடை கோட்டிலேயே நின்றது. இருந்தும், ஏற்றியவுடன் கம்பியை மாட்டி, மேடையைச் சற்றே இறக்கி அதன்மேல் அமர்த்திய பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறார். விழுந்த நட்டுகளை எடுக்க நீளக் கைப்பிடி வைத்த காந்தம் ஒன்று வந்துவிட்டது. பேரனுக்குத்தான் அதில் வருத்தம்.