பணம் ஏறட்டும், பிறகு பொருள்

பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி வீட்டில் இருந்தபடியே பழைய பொருள்களை இணையத்தில் விற்கிறேன். சென்ற மாதம் குழந்தையின் தள்ளுவண்டியை 180 ரிங்கிட்டுக்குக் கேட்ட ஒருவர், பணம் அனுப்பியதாக ரசீதுப் படம் ஒன்றை அனுப்பினார். "ஆள் கீழே நிற்கிறார், கொடுத்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தினார். வங்கிக் கணக்கில் ஒரு காசுகூட ஏறவில்லை. டூயிட்நவ் வழி அனுப்பும் பணம் பொதுவாக உடனே வந்துவிடும். "பணம் ஏறட்டும், தருகிறேன்" என்றேன். அதோடு ஆளையே காணோம்.

வாங்கி ஏமாந்தவர் 50,000 ரிங்கிட் வரை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இழப்பீடு கோரலாம். விற்று ஏமாந்தவருக்கு அங்கே இடமில்லை. 5,000 ரிங்கிட் வரை என்றால், வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடரலாம். ஆனால், பெயரும் முகவரியும் தெரியாதவர்மீது எப்படி வழக்குப் போடுவது?

அதனால் கணக்கைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்கிறேன். தபாலில் அனுப்பினால், பெட்டியில் வைத்து ஒட்டும்வரை காணொளி எடுத்துக்கொள்கிறேன். "பெட்டி காலி" என்று வாங்கியவர் முறையிட்டால் காட்டுவதற்கு அது வேண்டும். பேசிய தகவல்களையும் அழிப்பதில்லை. சந்தேகப்படுகிறேன் என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். நேர்மையானவர்கள் இரண்டு நிமிடம் காத்திருக்கிறார்கள். 180 ரிங்கிட் எங்கள் வீட்டில் ஒரு வார மளிகைச் செலவு.