நீலம் பூத்த உருக்கு

மாளிகாவத்தையில் எனக்குப் பழக்கமான லேத்துப் பட்டறை ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரர், எவர்சில்வர் என்று வீட்டில் நாம் சொல்லும் துருவேறா உருக்கில், வைத்தியர்களுக்கு வேண்டிய இடுக்கிகளைச் செய்விப்பவர். வெற்றிட உலையிற் பதமிடுவதற்கென வெளியே அனுப்பிய 200 இடுக்கிகள் சென்ற மாதம் மஞ்சளும் நீலமுமாகத் திரும்பி வந்தன. வாங்க இருந்தவர் மறுத்துவிட்டார். மூன்று தொழிலாளரின் ஒரு மாதக் கூலி அந்நிறத்துள் அகப்பட்டுக் கிடந்தது.

“காற்றே இல்லாத உலை என்றார்களே, மாஸ்டர், கறை எப்படி வந்தது?” என்று என்னைக் கேட்டார்.

காற்றே இல்லாத இடத்தை மனிதன் இன்னும் செய்ததில்லை. சாதாரண வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். உலையினுள் அதனை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்காகக் குறைத்தாலும், அறைச் சூட்டில் கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் கோடி மூலக்கூறுகள் எஞ்சும். துருவேறா உருக்கிலுள்ள குறோமியமோ ஒட்சிசன்மீது தீராப் பசியுடையது. இரண்டும் கூடி மெல்லிய படலமாகின்றன. மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தோன்றுவதுபோல, படலத்தின் தடிப்புக்கேற்ப முதலில் வைக்கோல் நிறமும் பின்னர் ஊதாவும் நீலமும் தோன்றும். கடிகாரம் செய்வோர் திருகாணிகளில் இந்நீலத்தை வேண்டுமென்றே வருவிப்பதுண்டு. இடுக்கிக்கு அது ஆகாது. படலத்தின் அடியிலே குறோமியம் குறைந்து, துருவை எதிர்க்கும் ஆற்றல் தேயும். ஆதலால் மறுத்தவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

இடுக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். சிலவற்றிலே பொருத்தைச் சுற்றி மட்டுமே கறை இருந்தது. எண்ணெயும் கழுவிய நீரும் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். அது பட்டறையின் பங்கு. ஏனையவை முழுவதும் ஒரே சீராக நிறம் மாறியிருந்தன. அதற்கு உலைதான் பதில் சொல்லவேண்டும். எங்கோ கசிவு இருக்கலாம். சூடு தணியுமுன் கதவைத் திறந்திருக்கலாம். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து கிடந்த உலையின் உட்சுவர் நீரை ஏற்றிருக்கலாம். வேலையில்லாப் பொழுதும் உலையை மூடியே வைத்தல் வேண்டும். வெற்று உலையை இடையிடையே உயர்ந்த சூட்டிற் காயவிடுதலும் நன்று. பம்பியை அடைத்துவிட்டு அமுக்கம் ஏறும் வேகத்தை நோக்கினால் கசிவு தெரிந்துவிடும். குளிர்விக்க விடும் ஆகன் வாயு உலர்ந்ததாயும் தூயதாயும் இருக்கவேண்டும். சிலர் தைத்தானியத் துண்டுகளையும் உடன் வைப்பர். எஞ்சிய ஒட்சிசனை அவை தாமே விழுங்கிக்கொள்ளும்.

இவ்வுபாயம் முற்றிலும் புதிதன்று. நம் தீவின் பழங்கொல்லர் இரும்பையும் ஆவாரை விறகையும் மண்மூசையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து உருக்குச் செய்தனர். அங்கே நோக்கம் வேறு. ஆயினும் விறகின் கரி, மூசையுள் அகப்பட்ட ஒட்சிசனை முதலில் உண்டு இரும்பைக் காத்தது.

பழைய இடுக்கிகளை மெருகிட்டு, நைத்திரிக் அமிலத்தில் தோய்த்து மீட்கலாம். அதற்கும் பணம் வேண்டும். புதியவற்றை இப்போது பொருத்துக்களை விரித்துக் கழுவி, சுடவைத்து உலர்த்தி அனுப்புகிறார். உலைச்சூடு 65 பாகைக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் தொடக்கூடாதென்று உலைக்காரருக்கு நிபந்தனையும் விதித்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்துக்கு அவர்கள் தனிக்கூலி கேட்கிறார்களாம்; பேரம் இன்னும் முடியவில்லை.