‘முற்றும்’ போடத் தெரியாத அப்பா

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, சொந்த வீட்டிலேயே நான் வில்லனாகிப் போன கதை இது. கல்யாணமாகாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்!

என் மகனுக்கு ஆறு வயசு. ஒன்றாம் வகுப்பு. செல்போனில் பாஸ்வேர்டை மாற்றி வைத்தால் எனக்கு மறந்துவிடும், அவனுக்கு மறக்காது. அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். “தோ... அஞ்சு நிமிஷம்ப்பா” என்றான். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன். அதே ‘தோ’. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. நேராகப் போய் போனைப் பிடுங்கினேன்.

வீடே அலறியது. செருப்பு ஸ்டாண்ட் உதை வாங்கியது. தட்டிலிருந்த தோசை தரைக்குப் போயிற்று. எனக்கோ மறுநாள் திங்கட்கிழமை என்கிற டென்ஷன், முடிக்காத ரிப்போர்ட் டென்ஷன், கீழ் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்கிற டென்ஷன். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சத்தம் நின்றது. ‘பார்த்தியா, கண்டிப்புன்னா இது!’ என்கிற மாதிரி மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை, ஸ்கூல் சட்டைக்குக் காலர் பொத்தான் போடக் கையை நீட்டினேன். சட்டென்று அவன் தலை பின்னால் போயிற்று. ஒரே ஒரு விநாடிதான். அப்புறம் பேசாமல் பொத்தானைப் போடவிட்டான். ஆனால் அந்த ஒரு விநாடி என் கூடவே பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோதும் எதிரில் உட்கார்ந்திருந்தது.

இனி கை நீட்டுவதில்லை என்று முடிவு பண்ணினேன். சரி, கை நீட்டாமல் போனை வாங்குவது எப்படி?

முதலில் லஞ்சம் கொடுத்துப் பார்த்தேன். “ரெண்டு இட்லி சாப்பிட்டா பத்து நிமிஷம் போன்.” முதல் நாள் அமோக வெற்றி. மூன்றாம் நாள், “மூணாவது இட்லிக்கு எவ்ளோ நேரம்?” என்று கேட்டான். நாலாம் நாள் பல் தேய்க்க ஐந்து நிமிஷம், பால் குடிக்க ஐந்து, குளிக்கப் பத்து என்று ரேட் ஏறிவிட்டது. எங்கள் ஆபீஸ் யூனியன் தலைவர் அவனிடம் டியூஷன் படிக்கலாம். இட்லி என்றால் தண்டனை, போன் என்றால் பரிசு என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது லேட்டாகத்தான் உறைத்தது.

அடுத்து, பூரணத் தடை. ‘இன்று முதல் இந்த வீட்டில் குழந்தைக்கு போன் கிடையாது’ என்று அரசாணை பிறப்பித்தேன். ஒன்றரை நாள் தாக்குப் பிடித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவின் மடியில் அவன், அவன் மடியில் அம்மாவின் போன்!

“பாவம்டா, குழந்தை ஏங்கிப் போயிடுச்சு...”

எனக்குக் கோபம். “எங்களையெல்லாம் எப்படிம்மா சமாளிச்சே? அப்பவும்தான் டி.வி. இருந்துச்சு!”

அம்மா யோசிக்கவே இல்லை. “நான் எங்கேடா சமாளிச்சேன்? டி.வி.க்காரனே நிறுத்திட்டான்!”

அம்மா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் புரிந்தது.

சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975-ல். எங்கள் தெருவுக்கு டி.வி. வந்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. மர ஷட்டர் வைத்த டி.வி. அதற்குப் பூட்டு, சாவி, மேலே ஒரு பூப்போட்ட துணி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை சினிமா. நடுநடுவே ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டை. டில்லியிலிருந்து நிகழ்ச்சி ஆரம்பித்தால் நாங்களாகவே எழுந்து விளையாடப் போய்விடுவோம். நாங்கள் ஒன்றும் பெரிய ஒழுக்கசீலர்கள் இல்லை. எங்களுக்கு ‘முற்றும்’ போட ஒரு அரசாங்க இலாகாவே வேலை பார்த்தது!

இன்றைக்குப் பையன் கையில் இருக்கிற பெட்டிக்கு முற்றும் கிடையாது. ஒரு பொம்மைப் படம் முடிவதற்குள் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. பத்திரிகைத் தொடர்கதைகூட ‘தொடரும்’ போட்டு ஒரு வாரம் மூச்சுவிட நேரம் கொடுக்கும். இது அந்த ஒரு வாரத்தை மூன்று விநாடியாகச் சுருக்கிவிட்டது. படித்து, சம்பளம் வாங்கி, வருமான வரி கட்டுகிற நானே ராத்திரி பன்னிரண்டு வரை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஆறு வயசுக் குழந்தையிடம் ‘நீயாக நிறுத்து’ என்றால் எப்படி?

அந்த வாரமே அவனுக்குச் சளி என்று டாக்டரிடம் போனோம். வெயிட்டிங் ஹாலில் ஒன்பது குழந்தைகள், எட்டு போன். ஒன்பதாவது அழுதுகொண்டிருந்தது. மருந்து எழுதி முடித்ததும் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வகுத்திருக்கிற கணக்கை டாக்டர் சொன்னார். இரண்டு வயசுக்குள் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வரை பெரியவர்கள் கூட இருக்க, ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணிக்குள். அதிலும் தூக்கம், விளையாட்டு, படிப்பு, வீட்டில் பேசுகிற நேரம் இவற்றைத் தின்னக் கூடாது.

“கணக்கு சரி டாக்டர். வாங்கினா அழறானே?”

“உங்க ஆபீஸ்ல நீங்க பாதி லெட்டர் டைப் பண்ணிட்டிருக்கறப்போ மேனேஜர் வந்து பிளக்கைப் பிடுங்கினா என்ன பண்ணுவீங்க?”

“அது... வந்து... ஒண்ணும் பண்ண மாட்டேன் டாக்டர்.”

“ஏன்னா அவர் மேனேஜர். மனசுக்குள்ள?”

மனசுக்குள் சொல்லக்கூடியதை அந்த அறையில் குழந்தையை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

டாக்டர் சொன்னதில் பாதியும் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதில் பாதியுமாகச் சேர்ந்த திட்டம் இதுதான். முதலில், அடுத்த படம் தானாக ஓடாமல் செட்டிங்கில் நிறுத்தினேன். இரண்டாவது, நிமிஷக் கணக்கை விட்டேன். ஆறு வயசுக்கு ‘பத்து நிமிஷம்’ என்பது நமக்கு ஒளியாண்டு மாதிரி, கேள்விப்பட்டிருப்போம், தெரியாது. அதனால் ‘ரெண்டு கதை’ என்று கணக்கு. எந்த ரெண்டு என்பதை அவனே ஆரம்பத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவது கதை முடியப் போகும்போது நான் சமையலறையிலிருந்து கத்தக் கூடாது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும். “இந்தக் கரடி யாரு? ஏன் ஓடுது?” என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வி:

“நீ அணைக்கறியா, நான் அணைக்கட்டுமா?”

அணைப்பது நிச்சயம். யார் அணைப்பது என்பது மட்டும் அவன் இஷ்டம். ஆறு வயசு ஆளுக்கு இந்த அதிகாரம் போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எங்கள் ஆபீசில் பெரிய அதிகாரிகளுக்கே இதற்கு மேல் அதிகாரம் கிடையாது!

முதல் நாள் சந்தோஷமாக அணைத்தான். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் “இன்னொரு கதை” என்றான். முடியாது என்றதும் பழைய கச்சேரி. செருப்பு ஸ்டாண்ட் மறுபடியும் சாய்ந்தது. கை துறுதுறுத்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இன்னும் பார்க்கணும்னு இருக்கு. நிறுத்தினா கோபமா வருது, இல்லே?” என்றேன். “ஆமா!” என்று கத்தினான். “கோபப்படலாம். உதைக்கக் கூடாது. போனும் இன்னிக்குக் கிடையாது” என்றேன்.

ஹைம் கினாட் என்கிற மனநல நிபுணர் 1965-லேயே பெற்றோருக்காக எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார்: குழந்தையின் உணர்ச்சிக்குத் தடை போடாதே, செய்கைக்கு எல்லை போடு. படிக்க ஒரு வரிதான். தரையில் உட்கார்ந்து கடைப்பிடித்தபோது இருபது நிமிஷம் ஆயிற்று. அழுகை ஓய்ந்ததும் அவனே போய் ஸ்டாண்டை நிமிர்த்தினான். ‘குட் பாய்’ என்று பொதுவாகச் சொல்லாமல், “செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியா வச்சிட்டியே!” என்றேன். என் ஷூ இடது வலது மாறியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். போனை வாங்கிவிட்டு வெறும் சுவரைக் காட்டினால் எந்தக் குழந்தையும் திரும்பக் கேட்கும். அதனால் அணைத்ததும் ஒரு வேலை தயாராக இருக்கும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, தட்டு எடுத்து வைக்கிற உத்தியோகம், இல்லையென்றால் என்னோடு ஒரு ஆட்டம் கேரம். அவனுக்கு என்னை ஜெயிப்பதில்தான் பிரியம். அதற்காக நான் கஷ்டப்பட்டுத் தோற்க வேண்டியதில்லை. இயற்கையாகவே தோற்கிறேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மனைவிதான் கேட்டாள்: “என்னங்க, அவனுக்கு ரெண்டு கதை. உங்களுக்கு எத்தனை?”

‘ஆபீஸ் விஷயம்’ என்று ஆரம்பித்தேன். அவளும் ஆபீஸ் போகிறவள். அந்தப் பாச்சா பலிக்கவில்லை. அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணி முதல் ஒன்பது வரை வீட்டிலிருக்கிற எல்லா போனும் அம்மாவின் பழைய அரிசிப் படிக்குள் போய்விடும். அவசரம் என்றால் மணி அடிக்கட்டும், எழுந்து போய்ப் பேசலாம் என்று ஏற்பாடு. முதல் வாரம் என் கை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தடவியது. பையன் அழுததன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பூரணமாகப் புரிந்தது. நான் அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டைப் பொத்தான் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அடி, ஒரு விநாடி. அது சரியாக ஒன்றரை மாதம் ஆயிற்று. இப்போதெல்லாம் கையை நீட்டினால் கழுத்தைத் தூக்கிக் காட்டுகிறான், சீக்கிரம் போடு என்கிற மாதிரி.

போன வாரம் எட்டேகால் மணிக்கு கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். சிவப்புக் காய் அவனுக்கு வாட்டமாக நின்றது. அந்த நேரம் பார்த்துப் படிக்குள்ளிருந்து டிங், டிங், டிங் என்று மூன்று சத்தம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்! மேனேஜராக இருக்குமோ? சும்மா பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எழுந்தேன். படித்தேன். ஒருவருக்குப் பிறந்தநாள். கேக் படம். சரி, ஒரு வாழ்த்து. அதற்குக் கீழே யாரோ ஒரு ஜோக். அதற்குக் கீழே இன்னொன்று...

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பையன். கத்தவில்லை. பிடுங்கவில்லை. ஒரு நிமிஷம் என் தோளில் சாய்ந்து, “இது யாருப்பா? ஏன் கேக் வெட்டறாங்க?” என்று அக்கறையாக விசாரித்தான்.

அப்புறம் கேட்டான்:

“நீ அணைக்கறியா, நான் அணைக்கட்டுமா?”