எண்பத்தெட்டு மணித்தியாலங்கள்

ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்ற பின்னரும், பிறர் எழுதிய காகிதங்களைத் திருத்தும் வேலை நம்மை விட்டபாடில்லை. கரம்பொன்னில் நமது வீட்டு விறாந்தைக்கு வருவோர் பலரும் ஏதாவதொரு காகிதத்தோடுதான் வருவார்கள். காணி உறுதியை வாசித்துப் பொருள் சொல்லவேண்டும். தூதரகத்து விண்ணப்பத்தை நிரப்பவேண்டும். கச்சேரிக்கு ஒரு முறைப்பாடு எழுதவேண்டும். சென்ற மாதம் நமது பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்த காகிதம் இவ்வகைகளுள் எதிலும் சேராதது.

"சேர், என்ரை சுயவிபரக்கோவை. ஒருக்காப் பாத்துத் திருத்தித் தாங்கோ" என்றார்.

அவர் ஒரு விமானி. விமானி என்றதும் தங்கக் கரையிட்ட தொப்பியும், மாதம் பிறந்தால் வந்து சேரும் பெருந்தொகைச் சம்பளமும் நம் மனக்கண்ணில் தோன்றும். அவருக்கு அவை இரண்டும் இல்லை. எந்த விமானக் கம்பனியிலும் அவர் நிரந்தர உத்தியோகத்தர் அல்லர். ஆறு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம், மூன்று மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்று, அழைத்த இடத்துக்குப் போய், பறந்த நேரத்துக்குக் கூலி பெறுபவர். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பி, அடுத்த ஒப்பந்தத்துக்கு மனுப்போடுபவர். நம்மூர்த் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் நாட்கூலிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு, வேலை செய்யும் உயரம் ஒன்றே.

1990இல் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது ஊரைவிட்டுப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவருடைய குடும்பமும் ஒன்று. அவர் பிறந்தது இடம்பெயர்ந்த வாழ்வில். ஐந்தாம் வகுப்பை முடிக்குமுன் நான்கு பள்ளிக்கூடங்களைக் கண்டவர். ஊர் திரும்பிய பின்னர் நம்மிடம் கணிதம் படித்தார். தாயாரின் நகைகள் வங்கிக்குப் போயின. தந்தையாரின் தோட்டக் காணி ஈட்டுக்குப் போயிற்று. 2019இல் இரத்மலானையில் பயிற்சியை முடித்து வணிக விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து உலகத்து விமானங்களையெல்லாம் தரையில் இறக்கியது. 2023இல்தான் கிழக்கு ஆபிரிக்காவில் அவருக்கு முதல் ஒப்பந்தம் கிடைத்தது. அதன் கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

அவர் எழுதியிருந்த காகிதம் நான்கு பக்கம் நீண்டது. முதற்பக்கம் முழுவதும் அடைமொழிகள்: கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவர், சிறுவயது முதலே வானத்தைக் கனவு கண்டவர். இரண்டாம் பக்கத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் பரிசுகளும் பேச்சுப் போட்டிப் பரிசும் இருந்தன. பேச்சுப் போட்டிக்கு அவரை அனுப்பியவர்களே நாம்தாம். இருந்தும் அதை இரக்கமின்றி வெட்டினோம். விமானியைத் தேடுபவர் கனவுகளைத் தேடுவதில்லை. எந்த விமானத்தை, எத்தனை மணித்தியாலம், எந்தப் பொறுப்பில் ஓட்டினீர், கடைசியாக எப்போது ஓட்டினீர் என்பனவே அவர் அரை நிமிடத்தில் காண விரும்பும் விடைகள். அவை மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒளிந்துகிடந்தன.

மூன்று மாலைகள் இருவருமாக இருந்து அதைப் புதிதாக எழுதினோம். தொழிலின் நுணுக்கங்களை அவர் சொன்னார். ஒழுங்கை நாம் சொன்னோம். தலைப்பில் பெயர், தொடர்புகொள்ளும் வழி, எந்தத் திகதியிலிருந்து வேலைக்கு வரமுடியும் என்ற தகவல். கூலிக்கு அமரும் விமானிக்கு இந்தக் கடைசித் தகவல் முக்கியமானது. அவரைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் அவசரமாகவே ஆள் தேவைப்படும். அடுத்து அனுமதிப்பத்திரம், அதை வழங்கிய நாடு, ஓட்டத் தகுதிபெற்ற விமான வகைகள். பின்னர் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் எதுவரை செல்லும் என்பது. பின்னர் ஆங்கிலத் தேர்ச்சிப் படி. சர்வதேச விதிகளில் ஆறு படிகள் உண்டு. அவற்றுள் நான்காம் படியையாவது எட்டாதவர் பிற நாட்டு வானில் தொழில் செய்ய இயலாது. இவற்றுக்குப் பின் மணித்தியால அட்டவணை: மொத்தம், தலைமை விமானியாகப் பறந்தவை, துணை விமானியாகப் பறந்தவை, இரவில் பறந்தவை, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தவை, கடந்த 90 நாட்களில் பறந்தவை. கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது ஏறி இறங்காத விமானி பயணிகளை ஏற்றலாகாது என்பது பொது விதியாகையால், அந்தக் கடைசி வரி மிகக் கூர்ந்து வாசிக்கப்படும்.

இவ்வளவையும் ஒன்றரைப் பக்கத்தில் அடக்கினோம். அவர் ஓட்டியது செஸ்னா கரவன் என்னும் ஒற்றை இயந்திர விமானம். ஒருவரே ஓட்டக்கூடியது, ஒப்பந்தம் இருவரைக் கேட்டதால் அவர் துணை விமானியாக அமர்ந்தார். அதையும் அவ்வாறே எழுதினோம். சிமுலேற்றர் என்னும் பயிற்சி இயந்திரத்தில் கழித்த நேரத்தைப் பறந்த நேரத்தோடு கூட்டாமல் தனி வரியாக வைத்தோம்.

அட்டவணையின் தலையில் மொத்தம் 500 மணித்தியாலம் என்று அவர் எழுதியிருந்தார். கணித ஆசிரியரின் பழக்கம் நம்மை விடவில்லை. பறப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, வரிவரியாகக் கூட்டிப் பார்த்தோம். 412 வந்தது. மறுபடியும் கூட்டினோம். மீண்டும் 412.

"தம்பி, உம்முடைய கணக்கில் எண்பத்தெட்டு கூடுதலாக இருக்குது" என்றோம்.

அவர் தலை குனிந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "அவையள் 500 கேக்கினம், சேர். முகவர்தான் போடச் சொன்னவர். எல்லாரும் போடுறதுதானாம்."

விமானிகளிடையே இதற்கு ஒரு கேலிப் பெயரே உண்டு. பார்க்கர் பேனா மணித்தியாலம் என்பார்கள்; விமானம் பறவாமல் பேனா மாத்திரம் பறந்த நேரம். அவ்வளவு பழைய பாவம் இது.

அன்றிரவு நமக்கு நித்திரை வரவில்லை. அந்த எண்ணை வெட்டினால் அவருக்கு வேலை கிடையாது. வேலை கிடையாவிட்டால் காணி திரும்பாது. அறநெறி பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் எண்ணினோம். முப்பது ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்: நன்னடத்தையும் விடாமுயற்சியும் உடையவர். சுவரேறிக் குதித்து ஓடியவனுக்கும் அதே வாக்கியம். விளக்கு வெளிச்சத்தில் விடிய விடியப் படித்தவளுக்கும் அதே வாக்கியம். இரக்கத்தால் எழுதினோம் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் எல்லாருக்கும் பொதுவாகிப் போன அந்த வாக்கியத்தை எவரும் நம்பாமலாயினர். உண்மையில் விடாமுயற்சி உடையவளுக்கு நமது கையெழுத்து உதவவில்லை. அவளுக்கு நாம் செய்த துரோகம் அது.

விமானத் துறையில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2020 மே மாதத்தில் கராச்சியில் ஒரு விமானம் வீழ்ந்தபின், பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, நாட்டின் 860 விமானிகளுள் 262 பேரின் அனுமதிப்பத்திரங்கள் சந்தேகத்துக்குரியவை என்றார். அந்த எண்ணிக்கை பின்னர் சர்ச்சைக்குள்ளாயிற்று. ஆயினும் அதற்குள் வெளிநாடுகள் சில பாகிஸ்தானிய விமானிகளைப் பணியினின்றும் நிறுத்திவிட்டன. பரீட்சையை நேர்மையாக எழுதி, மணித்தியாலங்களை நேர்மையாகப் பறந்தவர்களும் அவர்களோடு வீட்டுக்குப் போனார்கள். பொய் எழுதியவர் தம்முடைய பெயரை மாத்திரம் கெடுத்துக்கொள்வதில்லை. தம்மோடு தொழில் செய்வோர் அனைவரின் காகிதத்தையும் கெடுத்துவிடுகிறார்.

2009 பெப்ரவரி 12ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். தலைமை விமானி முன்னர் பறப்புச் சோதனைகளில் தவறியிருந்தார் என்றும், அத்தவறுகளுள் இரண்டை வேலை விண்ணப்பத்தில் எழுதவில்லை என்றும் விசாரணையில் தெரியவந்தது. ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. குறைந்த சம்பளத்தில் வேலை செய்த துணை விமானி, நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து பணிக்கு வந்தவர் என்பதும் வெளியாயிற்று. விண்ணப்பத்தில் விடுபட்ட இரண்டு வரிகளை மாத்திரம் பார்த்தால் பாதி உண்மையே தெரியும். மற்றப் பாதி, தொழிலாளிக்கு நித்திரையும் நியாயமான கூலியும் கொடாத நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

இந்த மற்றப் பாதியை நாம் மறந்துவிடலாகாது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஐரோப்பிய விமானிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு பேருக்கு ஒருவர் வழமையான நிரந்தர வேலையில் இல்லை என்பது தெரிந்தது. மணித்தியாலம் சேர்ப்பதற்காக, கூலி பெறாமல் தாமே கம்பனிக்குப் பணம் கட்டிப் பறக்கும் இளைஞர்களும் உண்டு. ஓய்வு கேட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாதோ என்று அஞ்சும் தொழிலாளி களைப்பை மறைக்கிறார். சுகவீனத்தை மறைக்கிறார். கடைசியில் எண்ணையும் மறைக்கிறார். இல்லாத மணித்தியாலத்தை எழுதும் கை அவருடையதுதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்து எழுதுவிக்கும் கை வேறொன்று.

கூலிக்கு அமர்த்தப்பட்ட விமானியை எந்த வானத்துக்கும் அனுப்பிவிடலாம் என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைவழி மூடிக்கிடந்த காலத்தில், 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ்-24 விமானம் மன்னார்க் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அது பெலரூஸ் நாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்த விமானம். 48 பயணிகளும் 7 பணியாளரும் மாண்டனர். பயணிகள் நம்மவர். விமானத்தை ஓட்டியவர்களோ எங்கோ பிறந்து, பிழைப்புத் தேடி நமது போரின் மேலாகப் பறக்க வந்தவர்கள். நமது மாணவரின் பெயரை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க நம்மால் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

மறுநாள் மாலை அவர் வந்தபோது நாம் பாய்க்கப்பல் காலத்துக் கதையைச் சொன்னோம். ஊர்காவற்றுறையிலும் வல்வெட்டித்துறையிலும் தண்டையல்மார் பயணத்துக்குப் பயணம் அமர்த்தப்பட்டவர்களே. அவர்களிடம் காகிதம் இருக்கவில்லை. எந்தக் காற்றில் எந்தக் கப்பலைக் கரைசேர்த்தார் என்பதைத் துறைமுகமே அறிந்திருந்தது. 'அன்னபூரணி' என்னும் வல்வெட்டித்துறைக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது இத்தகையோரை நம்பித்தான். செய்யாத பயணத்தைச் செய்ததாக ஒரு தண்டையல் சொல்லியிருந்தால், கூடச் சென்ற மாலுமிகளே சிரித்திருப்பார்கள். அந்தச் சாட்சிகள் இல்லாத இடத்தில் பதிவேடுதான் சாட்சி.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் பேனாவை எடுத்து 500ஐ வெட்டி 412 என்று தம் கையாலேயே எழுதினார். மூன்றாண்டு இடைவெளியை மறைக்கத் திகதிகளை நீட்டியிருந்தார், அதையும் திருத்தினார். 2020 முதல் 2022 வரை: பெருந்தொற்று, தந்தையாருடன் தோட்டவேலை, அனுமதிப்பத்திரமும் மருத்துவச் சான்றிதழும் புதுப்பிக்கப்பட்டன. இப்படி எழுதிய பின்னர் அந்த இடைவெளி வெட்கப்படத்தக்கதாகத் தோன்றவில்லை.

அந்த முகவருக்கு அக்காகிதத்தை அனுப்புவதில் பயனில்லை என்பதை இருவரும் அறிவோம். 400 மணித்தியாலமே போதும் என்று கேட்ட வேறு மூன்று இடங்களுக்கு அனுப்பினார். நமது யோசனைப்படி ஒவ்வொன்றுக்கும் கேள்விகள் நான்கையும் சேர்த்து அனுப்பினார்: சம்பளம் எந்தத் திகதியில் தரப்படும், காப்புறுதி யாருடையது, ஓய்வு நேரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா, இடையில் ஒப்பந்தம் முறிந்தால் ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்கு யார் பொறுப்பு. தொழிலாளி தன் விபரத்தைத் தரும்போது, அமர்த்துபவரின் விபரத்தையும் கேட்க உரிமையுடையவன். தனியொருவர் கேட்டால் வேலை போகும். பலர் சேர்ந்து கேட்டால் அதுவே வழக்கமாகும். பிற நாடுகளில் விமானிகளின் சங்கங்கள் இதைக் கேட்கின்றன. கூலி விமானிகளும் அச்சங்கங்களுள் இடம்பெற்றாக வேண்டும்.

இன்னும் பதில் வரவில்லை. நாம் இதை எழுதும்போது அவர் தந்தையாரின் தோட்டத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுக் காரைநகருக்குப் போக ஊர்காவற்றுறைத் துறையில் நின்றோம். பாதை வந்தது. மோட்டார்ச் சைக்கிள்களோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் நாமும் ஏறினோம். ஓட்டுபவரின் காகிதத்தை எவரும் கேட்கவில்லை. நாள்தோறும் கண்ட முகம்; நாள்தோறும் கரைசேர்த்த கை. ஆபிரிக்காவிலோ மாலைதீவிலோ நமது மாணவரின் பின்னால் அமரப்போகிற பயணிக்கு அவர் முகம் தெரியாது. அந்த முகத்தின் இடத்தில் ஒன்றரைப் பக்கக் காகிதம் ஒன்றுதான் இருக்கும். அதில் 412 என்று எழுதியிருக்கிறது.