இஷாவுக்குப் பின் வரும் விருந்தாளி



கிருஷ்ணகிரி சாலைகளால் வாழும் ஊர். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் நெடுஞ்சாலையும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன. திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலை இங்கிருந்தே பிரிகிறது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் காவல் வைத்திருந்த கோட்டை மலை ஊருக்கு மேலே நிற்கிறது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. படைகள் போன வழியில் வணிகர்கள் வந்தார்கள். இன்றும் மாங்காய்க் காலத்தில் வெளிமாநில வியாபாரிகள் வந்து இறங்குகிறார்கள். பர்கூர் துணிக்கடைகளுக்கும் போச்சம்பள்ளிச் சந்தைக்கும் வருவோர் தனி. அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மேற்கே, நான் ஓதிக்கொடுக்கும் ஓசூரில், 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்தன. அன்று தொடங்கிய வருகை இன்றுவரை நிற்கவில்லை.

ஆகவே உறவினர்களும், என்னிடம் ஓதிச் சென்ற பிள்ளைகளின் பெற்றோரும் தொலைபேசியில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹஜ்ரத், அங்கே தங்குறதுக்கு நல்ல இடம் எது?"

நல்ல இடம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் மதுக்கூடம் இருக்கக் கூடாது. நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல் வேண்டும். ஹலாலான சாப்பாடு வேண்டும். குடும்பத்தோடு வந்தால் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் ஒழுங்காக விழ வேண்டும். இந்த நான்கும் ஒருசேர அமையும் விடுதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வாடகை கொடுக்கக் கூடியவர்களுக்கு. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் ஒருவர் தங்க ஓரளவு மலிவான அறை கிடைக்கும். கையில் ஆதார் அட்டை இருக்க வேண்டும், கணவன் மனைவியாக வந்தால் இருவருடையதும் இருக்க வேண்டும். சிப்காட் பக்கம் பி.ஜி. என்று எழுதிய பலகைகள் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. அவை மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கானவை. முன்பணம் கேட்பார்கள். சில அறைகளில் பகல் ஷிப்டுக்குப் போனவனின் பாயில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் உறங்குவான். அந்தப் பாய் குளிர்ந்திருக்கும் நேரமே இல்லை.

பயணியாக வருவோருக்கு இரண்டு குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. விடுதி அறையில் அம்புக்குறி இல்லையென்றால் சூரியன் மறைந்த திசையை வைத்துக் கணித்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் கடந்து ஓசூருக்கு வருபவர் பயணி. அவர் தொழுகையைச் சுருக்கலாம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர் பயணி ஆகமாட்டார். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்கும் எண்ணம் வைத்தால் அவர் ஊர்க்காரர். ஷாஃபி மத்ஹபில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே ஊர்க்காரர். எங்கள் பகுதி பெரும்பாலும் ஹனஃபி. தென்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் ஷாஃபி. ஊர் இமாமின் பின்னால் தொழும்போது எந்த மத்ஹபைச் சேர்ந்த பயணியும் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும் என்பதால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

நான் எழுத வந்தது இவர்களைப் பற்றி அன்று. வாடகை கொடுக்க முடியாதவர்களையும், கொடுக்க முன்வந்தும் அறை மறுக்கப்படுகிறவர்களையும் பற்றித்தான்.

பயணிக்குத் தங்குமிடம் என்பது நம் மார்க்கத்தில் பழைய விஷயம். பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள் என்று கட்டளையிடும் அந்நூர் அத்தியாயம், அதையடுத்து 29ஆம் வசனத்தில், யாரும் குடியிராத, உங்களுக்குப் பயன்படுகிற கட்டடங்களுக்குள் நுழைவது குற்றமில்லை என்று விலக்களிக்கிறது. அவை வழிப்போக்கர்களுக்காகக் கட்டப்பட்ட தங்குமிடங்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியுள்ளனர். நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் திண்ணைத் தோழர்கள் வீடின்றி வாழ்ந்தார்கள். இப்னு உமர் (ரலி) திருமணம் ஆகாத இளைஞராக இருந்தபோது அதே பள்ளியில்தான் உறங்கினார். நம் ஹனஃபி நூல்கள் பள்ளிக்குள் உறங்குவதை விரும்பத்தகாதது என்று சொல்லும்போதே, இஃதிகாஃப் இருப்பவரையும் வெளியூர்க்காரரையும் அதிலிருந்து விலக்குகின்றன. ‘இங்கு உறங்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கும் பள்ளிகளில் அந்த விலக்குக்கு ஒரு வரி ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரையோரம் பயணம் செய்த இப்னு பதூதா, அரை மைலுக்கு ஒரு மரக் கொட்டகை இருந்ததையும், அதில் எல்லா மதத்தாரும் அமரத் திண்ணைகள் இருந்ததையும், கிணற்றடியில் இந்து ஒருவர் நின்று தண்ணீர் வார்த்ததையும் எழுதிவைத்திருக்கிறார். முஸ்லிம்களுக்குப் பாத்திரத்தில் தராமல் கையில் ஊற்றினார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் வார்த்தார்கள். மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் உண்டு. சென்னை சென்ட்ரல் எதிரே நம் சமுதாயத்தார் ஏற்படுத்திய சித்தீக் சராயில் தங்கி மருத்துவமனைக்குப் போய்வந்த குடும்பங்கள் நம்மில் பல. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் பம்பாயின் சாபு சித்தீக் முசாஃபிர்கானாவில் பாய் விரித்த பெரியவர்களின் கதைகளை நாம் கேட்டு வளர்ந்தோம். மக்காவில் ஹைதராபாத் நிஜாமின் ருபாத் பழைய ஹைதராபாத் சமஸ்தானத்து ஹாஜிகளுக்கு இன்றும் இலவசமாக இடம் தருகிறது. இவற்றையெல்லாம் கட்டியவர்கள் நம்மைவிடச் செல்வர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெறும் ஓலைக் கொட்டகையைத் திண்ணையோடு போட்டவர்களும் இருந்தார்கள்.

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பீகாரின் பூர்ணியாப் பக்கத்து இளைஞன் ஒருவன், இங்கே ஒரு சிறு பட்டறையில் பிரஸ் மெஷினில் கை சிக்கி மருத்துவமனையில் கிடந்தான். அவனுடைய தந்தை மூன்று நாள் ரயிலில் அமர்ந்தும் நின்றும் பெங்களூர் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஓசூரில் இறங்கியபோது இரவு பத்தரை மணி. வார்டுக்குள் இரவில் ஆண் துணை இருக்க அனுமதியில்லை என்று காவலாளி சொல்லிவிட்டார். ஒரு லாட்ஜில் அறை இல்லை என்றார்கள். இன்னொன்றில் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு, உள்ளூர்க்காரர் யாராவது வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். உள்ளூரில் அவருக்குத் தெரிந்த ஒரே மனிதன் கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடந்தான். மினாராவின் பச்சை விளக்கைப் பார்த்து எங்கள் மஹல்லாவுக்கு நடந்து வந்தார். இஷா முடிந்து வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது.

மோதினார் என்னை அழைத்தார். எங்கள் பகுதி முஸ்லிம்களின் வீட்டு மொழி உருது என்பதால் பேசுவதில் தடையில்லை. எங்கள் தக்கனி உருதுவைக் கேட்டு அவர் அந்த நிலையிலும் இலேசாகச் சிரித்தார். மாடி அறைச் சாவிக்காக நிர்வாகி ஒருவரைத் தொலைபேசியில் கேட்டோம். "ஹஜ்ரத், உங்க மனசு எனக்குத் தெரியும். நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். அந்தப் பெரியவர் என் வீட்டு முன்னறையில் தங்கினார்.

மூன்று இரவுகள். ஒவ்வொரு நாளும் நான் சுபுஹுக்கு எழும்போது அவருடைய போர்வை நான்காக மடிக்கப்பட்டிருக்கும், வாசல் பெருக்கப்பட்டிருக்கும். வேண்டாம் என்று என் மனைவி சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் தயங்கித் தயங்கி, "மௌலானா, மூன்று நாள் ஆகிவிட்டது. மலிவாக அறை எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்" என்றார். எனக்கு உடனே புரிந்தது. விருந்து மூன்று நாள்தான், அதற்கு மேற்பட்டது தர்மம், வீட்டாரைச் சிரமப்படுத்தும் அளவு விருந்தாளி தங்கக் கூடாது என்ற நபிமொழியை நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

அடுத்த ஜுமுஆவுக்குப் பின் இதை நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன். எதிர்த்துப் பேசியவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 2020இல் கொரோனா நேரத்தில் தமிழகப் பள்ளிவாசல்களில் தங்கியிருந்த வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீது வழக்குப் பதிந்து சிறையில் அடைத்ததை அவர்கள் மறக்கவில்லை. இடம் கொடுத்தவர்களையும் விசாரித்தார்களே என்றார் ஒருவர். அந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இன்னொருவர் கேட்டது இன்னும் நியாயமானது: "பிள்ளைங்க ஓதுற கட்டடத்துல முன்பின் தெரியாத ஆளை எப்படிப் படுக்க வைப்பீங்க?" மதரஸா ஆசிரியனாக நானே அதற்கு முதலில் கை உயர்த்தினேன். பிள்ளைகள் இருக்கும் மாடியில் எந்த வெளியாளும் தங்கக் கூடாது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

நான் அங்கே நினைவூட்டியது மூஸா (அலை), களிர் (அலை) வரலாற்றை. இருவரும் ஓர் ஊருக்குள் வந்து உணவு கேட்டார்கள். ஊரார் விருந்தளிக்க மறுத்தார்கள் என்று கஹ்ஃப் அத்தியாயத்தின் 77ஆம் வசனம் கூறுகிறது. அது எந்த ஊர் என்று விரிவுரையாளர்கள் வெவ்வேறு கருத்துச் சொல்கிறார்கள். குர்ஆன் அதன் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் மறுத்ததை மட்டும் சொல்கிறது. கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொருளாளர், "சரி, பணம் எங்கேர்ந்து?" என்றார். பொருளாளர்கள் வாழ்க.

ஜகாத்தில் கட்டலாமே, அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வழிப்போக்கரும் உண்டே என்றார் ஒரு தம்பி. உண்டு. ஊரில் செல்வராக இருந்தாலும் வழியில் கையில் காசின்றி நிற்பவர் ஜகாத் பெறத் தகுதியானவர்தான். ஆனால் ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தைத் தகுதியுடையவரின் கையில் உடைமையாக்கித் தர வேண்டும். கட்டடத்தில் அதைப் போட முடியாது. அவருடைய பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் கையில் கொடுக்கலாம். சுவருக்கும் பாய்க்கும் மின்கட்டணத்துக்கும் ஸதகாவோ வக்ஃப் வருமானமோதான் வேண்டும். நல்ல வேளையாகப் பள்ளியின் வக்ஃப் கடைகளுக்கு மேலே, தெருப்பக்கம் தனிப் படிக்கட்டோடு, பழைய சாமியானாத் துணிகள் போட்டுவைத்த இரண்டு அறைகள் இருந்தன. மதரஸாவுக்கும் அதற்கும் வழித்தொடர்பு இல்லை. துணிகளை அகற்ற இரண்டு நாளும், எலி அடைத்த குழாயைச் சரிசெய்ய இரண்டு வாரமும் ஆயின.

விதிகளை எழுதும்போது எனக்கு 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் நினைவுக்கு வந்தது. சராயை நடத்துபவர் அறைகளையும் கிணற்றையும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், காவலாள் வைக்க வேண்டும், கட்டண விவரத்தைப் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும், தங்கியவர் தொற்றுநோயில் விழுந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஆங்கிலேயர் எழுதிவைத்தார்கள். எங்கள் விதிகள் அவ்வளவு இல்லை. அடையாள அட்டையின் நகலும் பதிவேட்டில் கையொப்பமும் வேண்டும். மூன்று இரவுகள், மருத்துவமனையில் ஆள் இருந்தால் நீட்டிக்கலாம். வாடகை கிடையாது, விரும்பியவர் உண்டியலில் போடலாம். பதிவேட்டைப் பற்றி நிர்வாகிகள் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று எழுத வேண்டுமா என்ற கேள்வி வந்தது. இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வந்தவர்கள் அறிமுகமில்லாதவர்கள். அவர்கள் யாரென்று தெரிவதற்கு முன்பே அவர் கொழுத்த கன்றைக் கொண்டுவந்து வைத்தார் என்பது தாரியாத் அத்தியாயத்தில் உள்ளது. அந்த வரியை எழுதவில்லை. இதுவரை தங்கியவர்களில் ஒடிசாவைச் சேர்ந்த இரண்டு இந்துச் சகோதரர்களும் உண்டு. ஒப்பந்ததாரர் கூலி தராமல் ஓடிவிட்டதால் தெருவில் நின்றவர்கள்.

பெண்களுக்கு இன்னும் வழி காணவில்லை. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடமாநிலப் பெண்பிள்ளைகளுக்கு நிறுவனங்களின் விடுதிகள் உள்ளன. அரசும் தோழி விடுதிகளைக் கட்டிவருகிறது. மகளைப் பார்க்க வரும் தாய்க்கும், பிரசவ வார்டின் வெளியே உட்காரும் மாமியாருக்கும் இவை பயன்படுவதில்லை. இரண்டு முறை, தனியாக வாழும் எங்கள் மஹல்லாவின் மூத்த பெண்மணி ஒருவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். தமக்கும் பேச்சுத் துணையாயிற்று என்றார். எப்போதும் அவரையே கேட்பது முறையாகாது. கடைகளுக்குப் பின்புறம் உள்ள மூன்றாவது அறையைப் பெண்களுக்கென்று தனி வாயிலோடு மாற்றலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அங்கே இப்போது ஜனாஸாப் பெட்டியும் குளிப்பாட்டும் மேசையும் உள்ளன. அவற்றுக்கு வேறிடம் பார்க்க வேண்டும். நோன்புக்கு முன் கூட்டம் கூடும் என்று முத்தவல்லி சொல்லியிருக்கிறார்.

ஓசூர் வருபவர்கள் இஷாவுக்கு முன் மோதினாரிடம் சொல்லிவிட்டால் தண்ணீர் நிரப்பிவைக்க வசதியாக இருக்கும். பிந்தி வந்தால் தெருப்பக்கப் படிக்கட்டின் கீழே அழைப்பு மணி இருக்கிறது.