ஏறினால் குன்று, இறங்கினால் ஏரி

தாம்பரம் என்றவுடன் ரயிலைத் தவிர வேறு எதையாவது நினைத்துக் கொள்கிறவர்கள் வெகு சொற்பம். 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்து நின்ற நாள் முதல், இவ்வூர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஏற்பட்ட இடமாகவே ஜனங்களுடைய மனத்தில் பதிந்துவிட்டது. "தாம்பரத்துப் பக்கம் மலை இருக்கிறதா? எங்கே?" என்று எங்களைக் கேட்டவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் தாம்பரத்திலேயே இருபது வருஷமாகக் குடியிருப்பவர்கள் என்பதுதான் விசேஷம்!

மலை என்றதும் வாசகர்கள் நீலகிரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மலைகள் அடக்கமானவை. பரங்கிமலை சுமார் முந்நூறு அடி உயரம். அதற்குத் தெற்கே திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் என்று பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல் குன்றுகள் இடைவெளி விட்டு அமர்ந்திருக்கின்றன. உயரத்தில்தான் குறைவு, வயதில் இமயமலை இவற்றுக்குக் கொள்ளுப் பேரன். இமயம் தலை தூக்கத் தொடங்கிச் சுமார் ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கரும்பாறையோ சுமார் இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. இப்பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்னும் ஆங்கிலேய வர்த்தகருடைய கல்லறைக்கு இப்படிப்பட்ட கல்லைப் போட்டிருந்தார்கள். 1890-களில் தாமஸ் ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி அதை ஆராய்ந்து, நம் பக்கத்துக் குன்றுகளின் பாறையும் அதே ஜாதிதான் என்று கண்டு, கல்லறைக்கு உரியவருடைய பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார். பல்லாவரம் கல் என்று அழைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

இக்குன்றுகளின் அடிவாரத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் நடுவில், நூறு அடி இரும்புச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் தூரத்தை அங்குலம் அங்குலமாக அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க ஐம்பத்தேழு நாள் ஆயிற்று. தேசம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்து, கடைசியில் இமயத்தின் சிகரங்களுக்கு உயரம் சொன்ன அந்தப் பெரிய காரியத்துக்குப் பிள்ளையார் சுழி விழுந்த இடம் இதுதான். மற்றது 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி நடந்தது. ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கைக்கோடரி போலச் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதற்குச் சாஸ்திர ரீதியான முதல் சாட்சி அந்தக் கல். இன்று அந்தப் பல்லாவரத்தில் மனிதன் வாழ்கிறான் என்பதற்குச் சாட்சியே வேண்டாம். சாலையைக் கடந்து பார்த்தால் போதும்.

இவ்வளவு பெருமை வாய்ந்த இடத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா? பொங்கல் கழிந்து, ஏரிகளில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் நால்வர் சைக்கிளில் புறப்பட்டோம். எங்களில் இருவர் உபாத்தியாயர்கள், நாற்பதைக் கடந்தவர்கள். மற்ற இருவரும் எங்களிடம் படித்து இப்போது உத்தியோகம் பார்க்கும் வாலிபர்கள். அவர்களுடைய சைக்கிள்களில் கியர் இருந்தது. எங்களுடையவற்றில் கேரியர் இருந்தது. எனவே இரண்டு கூடாரங்களும், புளியோதரை மூட்டையும், மிளகாய்ப் பொடி தடவிய இட்லிகளும் யார் பின்னால் ஏறின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலாவுக்கு ஒரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இப்பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மறுநாள் காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு போயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. அப்பொழுது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், "நம்ம தெருவிலே ஆறே கிடையாதே சார், இவ்வளவு தண்ணி எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டான். கரும்பலகையில் குன்று, ஏரி, ஆறு என்று படம் போட்டுக் காட்டினோம். தலையை ஆட்டினான், ஆனால் அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்களோடு சைக்கிளில் வந்த வாலிபர்களில் ஒருவன் அவன்தான்.

மோட்டாரில் போகிறவனுக்குப் பூமி தட்டை. சைக்கிளில் போகிறவனுக்கு அப்படியல்ல. ஓர் ஆள் உயரத்துக்குச் சாலை ஏறினாலும் தொடை உடனே சமாசாரம் சொல்லிவிடும். மழைத்தண்ணீருக்கும் சைக்கிள்காரனுக்கும் இந்த விஷயத்தில் ஒரே ஞானம்தான். வண்டலூரில் பெரிய சாலையை விட்டுக் கிழக்கே கேளம்பாக்கம் போகும் சாலையில் திரும்பியதும் இதை நன்றாக உணர்ந்தோம். ஒரு புறம் 1985-ல் திறந்த மிருகக்காட்சிசாலையும் அதன் காடும். எதிரே முட்புதர் மண்டிய குன்றுகள். மூச்சு வாங்க மேட்டின் உச்சிக்கு வந்து நின்றபோது, அந்தப் பையன் பின்னாலும் முன்னாலும் திரும்பிப் பார்த்தான். அந்த மேட்டுக்கு மேற்கே விழும் மழைத்துளி ஏரிகள் வழியாக அடையாற்றுக்குப் போகும். கிழக்கே விழுவது ஏரியிலிருந்து ஏரிக்கு இறங்கிக் கோவளத்துக் கழிமுகத்தில் கடலைச் சேரும். கரும்பலகையில் நாங்கள் போட்ட கோடு இப்பொழுது அவன் காலடியில் கிடந்தது.

கண்டிகை, மேலக்கோட்டையூர், புதுப்பாக்கம் எல்லாம் ஒரு காலத்தில் நெல் வயல்கள். இப்பொழுது கல்லூரிகளும் அடுக்கு மாடிகளும் விளைகின்றன. கேளம்பாக்கத்தில் உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. திருப்போரூரில் கந்தசாமியைத் தரிசித்துவிட்டு, குளக்கரையில் இட்லியைத் தீர்த்தோம். ஒரு சைக்கிளில் ஆணி ஏறிற்று. சாலையோரத்துக் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார். கூடாரங்களைப் பார்த்து, "வீட்டிலே ஏதாவது தகராறா சார்?" என்று வெகு அனுதாபத்துடன் விசாரித்தார்.

காப்புக் காட்டுக்குள் வன இலாகாவின் அனுமதியின்றித் தங்கக் கூடாது; தங்குவது நல்லதும் அல்ல. ஆகையால் திருக்கழுக்குன்றம் போகும் வழியில், குன்றடி மாந்தோப்பு ஒன்றில் உடையவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். அவர் எழுபது வயதுப் பெரியவர். கூடாரம் அடிக்க இடம் காட்டியதோடு, இரண்டு கட்டு சுள்ளியும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தார். இருட்டியதும் குன்றின் மேலிருந்து கொம்பன் ஆந்தை ஒன்று கனத்த குரலில் அழைத்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல் எங்கோ நரி ஊளையிட்டது. தாம்பரத்திலிருந்து ஒரு பகல் மிதித்தால் இவ்வளவு நட்சத்திரங்கள் கிடைக்கும் என்று யார் எண்ணியிருப்பார்கள்!

ஆனால் ஒன்பது மணிக்குப் பிறகு சாலையில் லாரிகள் போகத் தொடங்கின. ஜல்லியும் பாறைத் தூளும் ஏற்றிய லாரிகள். பெரியவர் எதிரே இருளைக் காட்டி, "அங்கே ஒரு கரடு இருந்தது. இப்ப இந்தப் பக்கம் நின்னு பார்த்தா கரடு, அந்தப் பக்கம் போனா கிணறு" என்றார். "மழை பேஞ்சா அந்தக் கரட்டுத் தண்ணி ஓடையா இறங்கி எங்க ஏரிக்கு வரும். இப்ப அந்தக் குழியிலேயே விழுந்து நின்னுடுது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எங்க ஏரி கலங்கல் வழியுது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை; கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

அவர் சொன்ன கதை இப்பிரதேசம் முழுவதற்கும் உரியது. சென்னையில் எழும் ஒவ்வொரு கட்டடத்தின் காரையிலும் இந்தக் குன்றுகள் இருக்கின்றன. திரிசூலம், பல்லாவரம், பம்மல், நன்மங்கலம், எருமையூர் எங்கும் பாறையைத் தோண்டிய பள்ளங்கள். கல் எடுக்காமல் வீடு கட்ட முடியாது. அதை நாங்கள் மறுக்கவில்லை. எடுத்து முடித்த குழிக்கு வேலிகூடப் போடாமல் போய்விடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. கோடை விடுமுறையில் குளிக்கப் போய் மீளாத பையன்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், 2017-ல் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது, மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல் குவாரிக் குழிகளின் தண்ணீரைத்தான் சுத்தம் செய்து நகரத்துக்குக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருக்கழுக்குன்றம் ஏறினோம். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். முதல் நாள் மிதித்த கால்கள் ஒவ்வொரு படியையும் எண்ணின. உச்சியிலிருந்து கிழக்கே கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. நாலா புறமும் ஏரிகள் கண்ணாடித் துண்டுகள் போல் மின்னின. இறங்கும் வழியில் ஒரே பாறையில் குடைந்த மண்டபம் இருக்கிறது. பல்லவர் காலத்து வேலைப்பாடு. அதன் சுவரில் பதினேழாம் நூற்றாண்டில் வந்த ஒல்லாந்துக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் எழுதும் வழக்கத்துக்கு நம் காலேஜ் பையன்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை போலிருக்கிறது!

ஊருக்குப் பெயர் கொடுத்த கழுகுகள் இப்போது இல்லை. 1990-களின் பிற்பகுதி வரையில் நண்பகலில் இரண்டு வெண்கழுகுகள் வந்து, அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டு போகும். எங்களில் மூத்தவர் இருவரும் சிறு வயதில் பெற்றோருடன் வந்து அதைக் கண்டவர்கள். வாலிபர்கள் இருவரும் அந்த வெறும் பாறையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடுகளின் வலி தீரக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறுக் கழுகுகளுக்கு விஷமாகித் தேசமெங்கும் அவற்றின் குலத்தையே குறைத்துவிட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று 2006-ல் தடை வந்தது. இந்த இரண்டு கழுகுகளும் போன காரணம் அதுதானா, வேறா, யார் கண்டார்கள்?

செங்கல்பட்டுப் போகும் வழியில் வல்லத்துக் குன்றில் மகேந்திர பல்லவன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மகேந்திரனுக்குக் கீழடங்கிய சிற்றரசன் மகன் கந்தசேனன் செய்வித்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. பாறையில் நாலு பேர் உட்காரும் அளவு குடைவதற்கு அவன் ஆட்கள் உளியோடு எத்தனை மாதம் போராடினார்களோ! அதைப் பார்த்த கண்ணோடு முதல் நாள் இரவு லாரிகளை நினைத்தால், எங்களுக்கு ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி நிறைந்து கிடந்தது. அங்கிருந்து கூடுவாஞ்சேரி வரையில் பெரிய சாலை. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. உயிரோடு வந்து சேர்ந்தோம். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மேற்கே திரும்பி ஆதனூர் ஏரிக் கரைமேல் சைக்கிள்களைச் சாய்த்தபோது மணி மூன்றிருக்கும். அடையாறு புறப்படுவது இந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்துதான். சென்னையில் பாலத்துக்கடியில் அவ்வளவு அகலமாகக் கிடக்கும் ஆறு, இங்கே ஏரியின் கலங்கலைத் தாண்டி, ஒரு கன்றுக்குட்டி துள்ளிக் கடக்கும் வாய்க்காலாக ஓடுகிறது. திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கத்து உபரி நீரும் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்குப் பருவம் வருகிறது. திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தாராம். ஐதிகமானாலும், நிலத்தின் குணம் தெரிந்து சொல்லிய ஐதிகம்!

ஆதனூரிலிருந்து மண்ணிவாக்கம் வழியாக முடிச்சூர் வரையில், அந்த வாய்க்காலை விட்டு வெகு தூரம் விலகாமல் வந்தோம். கண்ணுக்குச் சமவெளிதான். ஆயினும் எதிரே கடற்காற்று வீசியும் மிதி லேசாக இருந்தது. வாய்க்காலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் போகப் போக இடைவெளி குறுகியது. பிறகு எது தெரு, எது கால்வாய் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பையன் எல்லாருக்கும் முன்னால் மிதித்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் நின்று, "இங்கேயிருந்து எங்கள் வீடு வரைக்கும் மிதிக்கவே வேண்டாம் சார்" என்றான்.

அவன் வீட்டில் காப்பி சாப்பிட்டோம். கூடத்துச் சுவரில், 2015-ல் தண்ணீர் நின்ற மட்டத்தை அவன் தகப்பனார் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். இரண்டு தடவை வெள்ளை அடித்தும் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். உட்கார்ந்திருந்த எங்கள் தலைக்கு மேல் இருந்தது கோடு. "இந்த வீட்டை வித்துட்டு மேட்டுப் பக்கம் போயிடலாம்னு இவன் ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான், இவங்கப்பா கேட்க மாட்டேங்கிறார். நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார் தாயார். தகப்பனார் பேசாமல் எங்கள் சைக்கிள் சக்கரங்களில் அப்பியிருந்த ஆதனூர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஏரிக்கரை இப்ப எப்படி இருக்கு? கெட்டியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர வேண்டியிருந்தது. அடுத்த மாதம் திருநீர்மலைக்கு அவரும் சைக்கிளில் வருவதாக ஏற்பாடு.